தோணாவில கிடந்த எங்கட வீடு

எங்கட ஊரில புருசன் பொஞ்சாதிக்குச் சண்டை வந்தா வெளிய போறது ஆம்புளதான். சாரனைத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் போய்க் கடற்கரையில குந்துவார், இல்லாட்டிப் பள்ளிவாசல் விறாந்தையில சாய்வார், கோவம் ஆறினதும் வருவார். பொம்புள போகமாட்டா. அவ ஏன் போகணும்? வீடு அவட. கல்யாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பொண்ணுட வீட்டுக்கு வந்து குடியிருக்கிறது. பொண்ணுக்கு வீடு குடுக்காம நிக்காஹ் நடக்காது. இதால குமரைப் பெத்தவங்க படுற பாடு எனக்கும் தெரியும், நான் பெருமைக்குச் சொல்லல்ல. ஆனா இந்தக் கரையில ஒரு பொம்புளையைப் பார்த்து "என்ட வீட்ட விட்டு வெளிய போ" எண்டு சொல்ல ஒரு ஆம்புளைக்கும் வாய் வராது.

எனக்கும் ஒரு வீடு இருந்திச்சு. கடற்கரைக்குப் பக்கத்து ஒழுங்கையில, ரெண்டு அறை, ஒரு குசினி, கிணறு, வாசல்ல ஒரு முருங்கை. மருதமுனையில நெசவுக்காரக் குடும்பத்து மாப்பிள்ள ஒருத்தரை எனக்குப் பேசி முடிச்ச கையோட உம்மா வீட்டை என்ட பேருக்கு எழுதிட்டா. வாப்பாவும் அவவும் பின்வளவில கொட்டில் போட்டு ஒதுங்குறதா ஏற்பாடு. அதுதான் வழமை. வீட்டு உறுதிப் பத்திரம் எழுதி முடிச்சு வந்த அண்டைக்குச் சாவியை என்ட கையில தந்து, "இனி நான் உண்ட வீட்டு விருந்தாளி, கிளி. போய்த் தேத்தண்ணி ஊத்து" எண்டா.

கல்யாணத்துக்கு முன்னுக்குக் கடல் வந்திச்சு. ஞாயித்துக்கிழமை காலை, உம்மா மா இடிச்சிக்கிட்டிருந்தா. எங்க மூணு பேருக்கும் ஹயாத்து இருந்திச்சு, தப்பினம். ஹயாத்து இல்லாமப் போனவங்கட கதையைத் தொடங்கினா நான் எழுத வந்தத எழுத ஏலாது. அதை இஞ்ச எழுதல்ல. வீடு இருந்த இடத்தில கிணத்துக்கட்டு மட்டும் நிண்டிச்சு.

வீட்டைக் கொண்டு போன கடல் வாப்பாட போட்டை எங்களுக்குத் திருப்பித் தந்திச்சு. அது ஆழ்கடலுக்குப் போற பெரிய போட், மேல ஒரு அறை, கீழ ஐஸ் போடுற கிடங்கு. அலை அதைத் தூக்கி, ரோட்டுப் பாலத்துக்கு மேலால எடுத்து, தோணாவுக்குள்ள கொண்டு போய்ப் போட்டிருந்திச்சு. தோணா எண்டா ஊருக்குள்ளால வளைஞ்சு போற வாய்க்கால், மாரித்தண்ணி அதாலதான் கடலுக்குப் போகும். போட்டுட என்ஜினுக்குள்ள மணல். திருத்தினாலும் பாலத்துக்குக் கீழால அது வெளிய போகாது. வாப்பா போய்ப் பார்த்திட்டு வந்து, "ஆமை மாதிரி சுகமாக் கிடக்கு" எண்டார்.

பள்ளிக்கூடத்தில அகதியா இருக்கக்குள்ள வீடு குடுக்கிறதுக்குப் பதிய வந்தாங்க. மேசையில இருந்து பேர் எழுதின சேர் உம்மாக்கிட்டக் கேட்டார், "வீடு யாருட பேர்ல இருந்திச்சு?"

உம்மா நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னா, "மகள்ட பேர்ல, சேர்."

"மகள் முடிச்சிட்டாவா?"

"இல்ல சேர், குமர்."

"அப்ப உங்கட வீடு போகல்ல. போனது மகள்ட வீடு. மகள் தனி ஆள், குடும்பமில்ல. வீடு குடும்பத்துக்குத்தான்."

உம்மாக்கு முதல்ல விளங்கல்ல. தாய் மகளுக்கு வீட்டை எழுதிட்டா எண்டா மத்த இடத்தில பாராட்டுவாங்க எண்டு நினைச்சிருக்கா, பாவம். எங்கட சனத்தைத் தவிர வேற ஆரும் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டாங்க. பக்கத்துப் பாயில இருந்தவங்க புருசன்ட பேரைச் சொல்லிட்டுச் சிரிச்சிக்கிட்டு வந்தாங்க. நாங்க உண்மையைச் சொல்லிட்டு வெறுங்கையோட வந்தம். பழைய வளவில கட்டுவம் எண்டா அதுக்கும் விடமாட்டாங்களாம், கடலோரத்தில இனிக் குடியிருக்கப்படாதாம்.

பள்ளிக்கூடம் திறக்கப் போறாங்க, எழும்புங்க எண்டாங்க. உம்மா சாமானைக் கட்டினா. "எங்க உம்மா போற?" எண்டு கேட்டன். "உண்ட வாப்பாட ஆமைக்கு" எண்டா.

அப்பிடித்தான் நாங்க தோணாவில குடியேறினம். கரையில இருந்து போட்டுக்கு ஒரு பலகை. மேலறையில நானும் உம்மாவும், முன்பக்கத்தில தறப்பாள் கட்டி வாப்பா. ஐஸ் கிடங்கு எங்கட அலுமாரி. எத்தனை தரம் தேசிக்காய் போட்டுத் தேய்ச்சாலும் உடுப்பில மீன் மணம் போகாது. கரையில ஒரு மாமி கிணத்துக்கும் கக்கூசுக்கும் தன்ட வளவைத் திறந்து விட்டா. அல்லாஹ் அவவுக்குச் சுவர்க்கத்தைக் குடுக்கட்டும்.

கொஞ்ச நாளால குடையோட ஒருத்தர் வந்தார். தோணாக்கரையைப் பார்க்கிற பொறுப்பாம். உம்மா அவருக்குத் தண்ணி விதானை எண்டு பேர் வைச்சா, கடைசி வரைக்கும் அதுதான் அவருக்குப் பேர். ஊர்க் காரியம் பார்க்க அரசாங்கம் ஒரு விதானையை வைச்சிருக்கிற மாதிரி தண்ணிக்கு இவர்.

"இஞ்ச குடியிருக்கப்படாது" எண்டார்.

"நிலத்திலதானே இருக்கப்படாதெண்டீங்க, சேர். நாங்க தண்ணிக்கு மேல இருக்கம்" எண்டா உம்மா.

அவர் யோசிச்சார். "தண்ணியில போட் கட்டவும் அனுமதி எடுக்கணும்."

வாப்பா அனுமதிக்குத் திரிஞ்ச திரிச்சல் இருக்கே! ஒரு கந்தோரில இது கடலில்ல, எங்களுக்குச் சம்பந்தமில்ல எண்டாங்க. மத்தக் கந்தோரில வாய்க்கால் எங்கட, போட் எங்கட இல்ல எண்டாங்க. இன்னொண்டில சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க, திரும்பி வரவேயில்ல. கடைசியா ஒரு அனுமதி கிடைச்சுது. மீன்பிடிப் படகு ஒண்டு தரிச்சு நிக்கலாம், அதில ஆக்கள் குடியிருக்கப்படாது, வருசா வருசம் புதுப்பிக்கணும். போட் நிக்கலாம், நாங்க நிக்கப்படாது!

அதால தண்ணி விதானைட குடை பாலத்தில தெரிஞ்ச உடனே நாங்க வீட்டை ஒளிக்கத் தொடங்குவம். அடுப்பு கிடங்குக்குள்ள, பாய் வலைக்குக் கீழ, சட்டி பானை சாக்குக்குள்ள. வாப்பா ஊசியை எடுத்துக்கிட்டு வலை பொத்துறவர் மாதிரி குந்துவார். நானும் உம்மாவும் பலகையால ஓடிப்போய் மாமிட வளவில நிப்பம். ஒருக்கா அடுப்பில சோறு கொதிக்கக்குள்ள வந்திட்டார். உம்மா பானையை அப்பிடியே தூக்கிக்கிட்டு ஓடினா, கையெல்லாம் கொப்பளம். அவர் போட்டுக்குள்ள எட்டிப் பார்த்திட்டு, "நல்ல கறி மணம் வருது" எண்டு வாப்பாக்கிட்டச் சொன்னாராம். தெரிஞ்சுகொண்டுதான் அந்த மனிசன் எங்களை ஓட விட்டவர். சொந்த வீட்டில கள்ளரைப் போல இருந்தம்.

மருதமுனை மாப்பிள்ளையை அவங்கட ஆக்கள் வேற இடத்தில பேசப் பார்த்தாங்க. வீடில்லாத குமருக்கு ஆரு வருவா? ஒரு நாள் பின்னேரம் அவரே தனிய வந்து கரையில நிண்டார். உம்மா தறப்பாளுக்குப் பின்னால இருந்து, "வீடு எங்க எண்டு பார்க்க வந்தீங்களா, தம்பி? இதுதான்" எண்டா. அவர் பலகையை ஒருக்கா மிதிச்சுப் பார்த்தார். "ஆடுது மாமி" எண்டார். "ஆடத்தான் செய்யும்" எண்டா உம்மா. "அப்ப மெதுவா நடந்து வாறன்" எண்டார். அண்டைக்கே எனக்கு இவரைப் பிடிச்சிட்டு.

நிக்காஹ் பள்ளிவாசல்ல நடந்திச்சு. மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்தவங்க பலகையில ஏற விருப்பமில்லாமக் கரையிலயே நிண்டு ஷர்பத் குடிச்சாங்க. இவர் புதுச் சப்பாத்தைக் கழட்டிக் கையில வைச்சுக்கிட்டு நடந்து வந்தார். வழமைப்படி பொண்ணு வீட்டார் கூப்பிட்டாத்தான் மாப்பிள்ள வாசல்ல ஏறணும். வாசல் எது எண்டு உம்மாக்கே தெரியல்ல. பலகை முடியிற இடத்தில நிண்டு, "வாங்க மருமகன், மகள்ட வீட்டுக்கு வாங்க" எண்டா. வாசல் இல்லாட்டியும் அவ மகள்ட வீடு எண்டதை விடல்ல.

அதுக்குப் பிறகு எங்களுக்குச் சண்டை வராம இருந்ததா? வந்திச்சு. தையல் மெஷின் வைக்க இடமில்லாட்டிச் சண்டை, கறியில உப்புக் கூடினாச் சண்டை. ஆனா கோவம் வந்தா இவர்தான் பலகையால நடந்து போய்ப் பாலத்தில குந்துவார். நான் அடுப்படியில இருந்து பார்த்துக்கிட்டிருப்பன். போட்டா இருந்தாலும் என்ட வீடு. எனக்கு மகள் பிறந்ததும் அதிலதான், தாலாட்டுற வேலையைத் தோணாவே பார்த்திச்சு.

யுத்தம் முடிஞ்சுது. ரோட்டெல்லாம் காப்பெட் போட்டாங்க, தடுப்புகளை எடுத்தாங்க, தூர ஊர்களில இருந்து பஸ் பஸ்ஸாச் சனம் வந்து கடலைப் பார்த்திட்டு ஐஸ்கிரீம் குடிச்சிச்சு. நாங்களும் சந்தோசப்பட்டம், பொய் சொல்லப்படாது. அந்த நேரம்தான் தோணாவை அழகாக்கப் போறாங்க எண்டு கதை வந்திச்சு. அழகில்லாத முதல் சாமான் எங்கட போட்.

தண்ணி விதானை வந்தார். இந்தத் தரம் நாங்க ஒண்டையும் ஒளிக்கல்ல, ஒளிக்கக் களைச்சுப் போயிருந்தம். என்ட மகள் பலகையில குந்திப் பாண் திண்டுகொண்டிருந்தாள். கரையில சனம் கூடிட்டு.

"அனுமதி இனிப் புதுப்பிக்கிறதில்ல" எண்டார்.

"ஏன் சேர்?" எண்டார் வாப்பா.

"அனுமதி படகுக்கு. இதுக்கு என்ஜின் இல்ல, கடலுக்குப் போறதில்ல. கொடியில உடுப்புக் காயுது, அடுப்பு எரியுது. இது படகில்ல, வீடு. தண்ணியில வீடு வைச்சிருக்க ஏலாது."

உம்மா கையிலிருந்த அகப்பையை அப்பிடியே வைச்சிட்டுப் பலகைக்கு வந்தா. அவ கத்தின சத்தம் பஸ் ஸ்ராண்டுக்குக் கேட்டிருக்கும். "கேட்டீங்களா சனமே! வீடாம்! இத்தனை வருசமா இது வீடில்ல, படகு, இருக்காதீங்க எண்டு என்னைப் பானையோட ஓட வைச்ச ஆள், இண்டைக்கு வீடு எண்டுறார்! நல்லது சேர். வீடு எண்டா வீடுதான். உடைக்கிறதெண்டா வீட்டுக்கு வீடு தாங்க. படகு எண்டா அனுமதியைத் தாங்க. ரெண்டில ஒண்டைச் சொல்லிட்டுப் போங்க!"

அவர் குடையை விரிச்சார். வெயிலும் இல்ல, மழையும் இல்ல. குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பாலத்தால நடந்தார்.

போட்டை உடைக்க, மண் அள்ளுற பெக்கோ மெஷின் வந்திச்சு. வாப்பா பார்க்க வரல்ல. உம்மா கடைசி வரைக்கும் நிண்டு, பெக்கோக்காரப் பொடியனுக்குத் தேத்தண்ணியும் குடுத்து, "உனக்குப் பாவமில்ல மகன், ஏவினவனுக்குத்தான்" எண்டா.

நாங்க குடுத்த கரைச்சல் தாங்க ஏலாமலோ, கரையில சனம் கதைச்ச கதைக்குப் பயந்தோ, வயலை நிரப்பிக் கட்டின வீட்டுத் திட்டத்தில ஆரோ எடுக்காம விட்ட ஒரு வீட்டைத் தாறதுக்குச் சம்மதிச்சாங்க. கையெழுத்துக்குப் போகக்குள்ள உம்மா என்னையும் என்ட மாப்பிள்ளையையும் இருத்திப் படிப்பிச்சா. "பொம்புளட வீடெண்டு வாயைத் திறந்திடாதீங்க. நான் திறந்து பட்டது போதும்."

மேசையில புது ஆள். "குடும்பத் தலைவர் ஆர்?"

என்ட மாப்பிள்ள என்னைப் பார்த்தார். இவருக்கு வாய் வரல்ல. நான் முழங்கையால இடிச்சன். இவர் தன்ட பேரைச் சொன்னார். அந்தப் பேரிலயே வீடு எழுதப்பட்டிச்சு. என்ட பேரையும் சேருங்க எண்டு நான் கேட்டன். "ஏன் தங்கச்சி, புருசனில நம்பிக்கை இல்லையா?" எண்டு மேசையில இருந்த ஆள் சிரிச்சார். கடல் என்ட வீட்டைக் கொண்டு போகக்குள்ள அது ஆருட வீடெண்டு கடலுக்குத் தெரியாது. இந்த ஆள் இந்த மண்ணில பிறந்து, பொண்ணு வீட்டில சோறு திண்டு வளர்ந்த ஆள். இந்த ஆளுக்குத் தெரியும்.

இப்ப அந்தத் தோணாவில, எங்கட போட் கிடந்த அதே இடத்தில, ஒரு சாப்பாட்டுக்கடைப் படகு கட்டியிருக்காங்க. கலர் பல்ப், மேல ரெண்டு அறை. "இதில ஆக்கள் படுக்கிறதா?" எண்டு காவல்காரரிட்டக் கேட்டன். "ஓம், வெளியூர் ஆக்கள் வந்து தங்குவாங்க" எண்டார். "அனுமதி?" எண்டன். "அது இல்லாமலா?" எண்டார். அதுக்கும் என்ஜின் இல்ல. நான் குனிஞ்சு பார்த்திட்டுத்தான் வந்தன்.

வந்த கோவத்தை வீட்டில கொட்டினன், வேற எங்க கொட்டுறது? சோறு பிந்திட்டு எண்டு இவர் ஒரு சொல்லுச் சொன்னார், நான் பத்துச் சொன்னன். புது வீட்டில எங்கட முதல் சண்டை. இவர் வழமை போல எழும்பிச் சாரனைக் கட்டிக்கிட்டு வாசலுக்குப் போனார். அதே நேரம் நானும் எழும்பி வாசலுக்குப் போனன், இது அவர்ட வீடாச்சே. ரெண்டு பேரும் நிலையில முட்டிக்கிட்டு நிண்டம். ஆரு போறது எண்டு அவருக்கும் தெரியல்ல, எனக்கும் தெரியல்ல.

"நீ எங்க போற?" எண்டார்.

"வீட்டுக்காரர் உள்ள இருங்க" எண்டன்.

அவர்ட முகம் செத்துப் போச்சு. நான் வெளிய போய்ப் படியில குந்தினன். கோவிச்சுக்கிட்டு என்ட உம்மா ஒரு நாளும் வந்து குந்தாத இடம் அது. கொஞ்ச நேரத்தால இவரும் வந்து கீழ்ப்படியில குந்தினார். மகள் நிலையில நிண்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உள்ள வாங்களன்" எண்டு அவள்தான் கூப்பிட்டாள்.