ஒன்பது முறை ஓய்வு பெற்ற ஜப்பானியர்

அந்த ஜப்பானியரை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் ஓட்டிய பந்தயக் கார்களையும் பார்த்ததில்லை. ஆனாலும் நான் மனதார வெறுத்த மூன்று பேரில் அவர் ஒருவர். இன்னொருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய ஒரு கிழவர். மூன்றாவது ஆள் யார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். முத்தியால்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் நடந்த வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். கீழே இரும்பைக் கடைவார்கள், மேலே நாங்கள் தமிழைக் கடைவோம். மொத்தம் நாலே பேர். முதலாளியும் அவரே ஆசிரியரும் அவரே என்ற ஒருவர், நான், டைப் அடிக்கும் பெண், பிழை திருத்தும் அக்கா. மூன்று வருஷமாக என்னைத் தற்காலிகமாகவே வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கு இரண்டே தகுதிதான்: கவர்ன்மென்ட் வேலை, இல்லாவிட்டால் பிரெஞ்சு நேஷனாலிட்டி. என்னிடம் இரண்டும் கிடையாது. பத்திரிகை வேலையாவது நிரந்தரமா என்று கேட்ட இரண்டு பெண் வீடுகள் பதிலைக் கேட்டதும் காபியைக்கூட முடிக்க விடாமல் எங்களை அனுப்பி வைத்தன. அதற்குப் பிறகு அம்மா ஜாதகக் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்.

ஒருநாள் ஆசிரியர் சொன்னார்: "கிரிக்கெட்டையே எழுதிக்கினு இருக்காத. வேற எதுனா விளையாட்டுல ஒரு ஆளைப் புடி. ஊரே பேசற மாதிரி ஒண்ணு எழுது. உன்னைக் கன்பர்ம் பண்ணிடறேன்."

பிரௌசிங் சென்டருக்குப் போய் ஒரு மணி நேரம் துழாவினேன். அதில் அகப்பட்டவர்தான் அந்த ஜப்பானியர். இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். ஒரு கார் தொழிற்சாலையில் புதுக் கார்களை ஓட்டிப் பார்க்கும் வேலையில் தொடங்கியவர். உள்ளூர்ப் பந்தயங்களில் சில வருஷம். முப்பது வயதுக்கு மேல் ஐரோப்பாவுக்குப் போனார். அவர் ஓட்டியது எல்லாரும் போஸ்டர் ஒட்டி வைத்திருந்த, ஒற்றை ஆள் உட்காரும், மேலே திறந்த கார் அல்ல. கதவும் முன்விளக்கும் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். அந்தப் பந்தயத்தில் ஒரே காரை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பிரான்சில் ஜூன் மாதத்தில் இருபத்துநாலு மணி நேரம் விடாமல் ஓடும் பந்தயம் ஒன்று உண்டு, அதில்தான் அவர் வருஷா வருஷம் கலந்துகொண்டார். ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. ஒரே ஒரு தடவை மூன்றாவதாக வந்தார். மீதி வருஷங்களுக்கு நேரே ஒரே சொல்தான் இருந்தது. ஒன்பது இடத்தில் 'ரிட்டையர்டு'.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. தெருவுக்கு நாலு ரிட்டையர்டு தாசில்தார், ஐந்து ரிட்டையர்டு வாத்தியார், போதாததற்கு பிரெஞ்சுக்காரன் கொடுக்கும் ரெத்ரேத் என்ற பென்ஷனில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முன்னாள் பட்டாளத்தார்கள். அவர்கள் எல்லாம் ஒரு தடவை ஓய்வு பெற்றவர்கள். இவர் ஒன்பது தடவை!

எழுதித் தள்ளினேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் தோல்வி மனதை அறுக்க, அவர் ஓய்வை அறிவிக்கிறார். ஊருக்குத் திரும்பி மலையடிவாரக் கோயில் ஒன்றில் போய் மௌனமாக உட்காருகிறார். பனி உருகும்போது மனமும் உருகி, மறுபடி கையுறையை மாட்டிக்கொள்கிறார். கோயிலையும் பனியையும் மௌனத்தையும் நானே என் செலவில் சேர்த்தேன். 'ஒன்பது முறை ஓய்வு பெற்றவர்' என்று தலைப்பு வைத்தேன்.

புரூஃப் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேற்கே ஒரு விவசாயக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். பிளஸ் டூதான் படிப்பு. ஆனால் ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் அவர் கண்ணில் இருந்து தப்பாது. வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, உதடு அசையாமல் படிப்பார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட வேண்டும் என்பது ஆசிரியர் வைத்த சட்டம். அன்று என் மேசைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, ஒரு டவுட்டு. ஒரு ஆளு எப்டி வருசா வருசம் ரிட்டையர் ஆவாரு?"

"அதாங்க்கா கதையே."

"இல்ல தம்பி, நம்ம தாலுக்கா ஆபீஸ்ல எல்லாம் ஒருவாட்டி போனா போனதுதானே. இங்கிலீசுல அதுக்கு வேற எதுனா அர்த்தம் இருக்குமோ இன்னாவோ. டிக்‌ஷ்னரி பாத்துடுங்களேன்."

பிளஸ் டூ படித்தவர் பி.ஏ. படித்தவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதா? "நீங்க ஒற்றுப்பிழையைப் பாருங்க போதும்," என்றேன். டைப் அடிக்கும் பெண் சிரித்தாள். அக்கா தன் இடத்துக்குப் போய், தலைப்புக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, தாளை என்னிடம் அனுப்பிவிட்டார். நான் அதைக் கண்டுகொள்ளாமல் அச்சுக்கு விட்டேன்.

கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அதை வாசித்தாராம். பொதுப்பணித்துறையில் யாரோ ஒருவருடைய பிரிவு உபசார விழாவில் ஜெராக்ஸ் போட்டு மிக்சர் பொட்டலத்தோடு கொடுத்தார்கள். ஓய்வூதியர் சங்கத்தார் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகத் தேதி குறித்தார்கள். ஆசிரியர் என் தோளில் கை போட்டு, அடுத்த மாதம் ஆர்டர் ரெடி என்றார். முதல் வெற்றியின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அந்தப் புரூஃப் தாளை மடித்து மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன். அம்மா பரணில் இருந்து ஜாதகத்தை இறக்கினார்.

அப்போதுதான் பட்டாளத்துக் கிழவரின் கடிதம் வந்தது. கட்டம் போட்ட பிரெஞ்சு நோட்டுத் தாளில், நீல மையில், கட்டுரை முழுக்கத் தப்பு என்று எழுதியிருந்தார். கிழித்துப் போட்டேன். இரண்டாவது கடிதத்தையும் கிழித்தேன். மூன்றாவது வாரம் ஆளே மாடியேறி வந்துவிட்டார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பளபளவென்று ஷூ. மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல் ஆசிரியரின் எதிர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். எனக்கு அந்த ஷூவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்கு இங்கே நாய் படாத பாடு படுகிறோம், இவருக்குப் பொழுது போகவில்லை என்றால் அடுத்தவன் பிழைப்பில்தானா கை வைக்க வேண்டும்?

"முசியே, ரெத்ரேத்னா இன்னான்னு எனக்குத் தெரியும்," என்றார் என்னைப் பார்த்து. "நான்தான் ரெத்ரேத் வாங்கறவன். அந்த ஜப்பான்காரன் இல்ல. அவன் கார் நடுவுல நின்னுபோச்சு, பந்தயத்தை முடிக்கல. அதுக்குப் பேரு பிரெஞ்சுல அபாந்தோன், இங்கிலீசுல ரிட்டையர்டு. ஒம்போது வருசமும் ரிப்பேரு, இல்லன்னா ஆக்சிடென்ட்டு. அவ்ளோதான் விசயம்."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் லேத் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பிரெஞ்சு சேனல்ல வருசா வருசம் பாக்கறவன் நான். ரோட்டுல கார் நின்னா அங்க மெக்கானிக் வந்து கை வைக்கக் கூடாது. ஓட்டறவனே எறங்கிப் பாத்துக்கணும். ஒரு வருசம் இந்த ஆளு ஸ்பேனரை வச்சிக்கினு ரெண்டு மணி நேரம் மழையில குந்திக்கினு இருந்தான். என் வூட்ல எல்லாரும் பாத்தோம். நீ அவனைக் கொண்டுபோய்க் கோயில்ல குந்த வச்சிருக்க!"

டைப் அடிக்கும் பெண் இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரித்தாள். கிழவர் விடவில்லை. "இன்னொரு வருசம் கூட ஓட்டின சின்னப் பையன் செவுத்துல மோதிட்டான். இவன் அப்ப கார்லயே இல்ல, எறங்கித் தூங்கிக்கினு இருந்தான். மைக்கை நீட்டிக் கேட்டாங்க. 'நாங்க மோதிட்டோம்'னான். பையனை ஒரு வார்த்தை சொல்லல. அப்பேர்ப்பட்ட ஆளைப் பத்தி எழுத வந்தா, என்னா ஏதுன்னு விசாரிக்க மாட்டியா?"

ஆசிரியருக்குப் பொன்னாடை விழா கண்ணில் ஆடியிருக்க வேண்டும். யார் மேலாவது பழியைப் போட்டு வந்தவரை அனுப்பினால் போதும் என்று இருந்தார். "யாருப்பா இதுக்குப் புரூஃப் பாத்தது?" என்றார்.

இப்போதும் அந்த நிமிஷத்தை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. "அக்காதான் சார். சந்தேகம் இருந்தா கேட்டிருக்கணும். ஒண்ணுமே கேக்கல," என்றேன்.

அக்கா ஸ்கேலைக் கீழே வைத்தார். "தம்பி, கேட்டேனே. சார், நான் கேள்விக்குறி போட்டேன் சார். தலைப்புக்கிட்டயே போட்டேன்."

"அந்தப் புரூஃப் எங்க?"

"பழசெல்லாம் எடைக்குப் போட்டாச்சு சார்," என்றேன். என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில், பூட்டாத டிராயரில் இருந்தது அது. நான் வெறுத்த மூன்றாவது ஆள் இவன்தான்.

அக்கா டைப் அடிக்கும் பெண்ணைப் பார்த்தார். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கிழவர்தான் குரலை உயர்த்தினார்: "எழுதினது இவன். அந்தம்மாவை எதுக்குக் கேக்கற?" ஆசிரியர் அவருக்கு டீ சொன்னார். அவர் குடிக்காமல் எழுந்து போனார். அந்தக் கிழவர் மேல் எனக்கு இருந்த வெறுப்பு அன்று இரண்டு மடங்கானது. அவர் சொன்னது சரி என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

அன்று மாலையே அக்காவைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு என் மேசையைத் தாண்டித்தான் படியிறங்கினார். ஏதாவது திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன், திட்டவில்லை. அடுத்த இதழில் நானே எழுதினேன்: 'முந்தைய இதழ் ஒன்றில் வெளியான கட்டுரையில் அச்சுப்பிழை காரணமாகச் சில சொற்கள் மாறிவிட்டன. வருந்துகிறோம்.' எங்கள் தொழிலில் எல்லா அயோக்கியத்தனத்துக்கும் இருக்கிற ஒரே பெயர் அச்சுப்பிழைதான். அதற்குப் புரூஃப் பார்க்க ஆள் இல்லாததால் அதையும் நானே பார்த்தேன்.

ஆர்டர் வந்தது. பொன்னாடையும் வந்தது, சங்கத்தார் யாரும் வருத்த அறிவிப்புகளைப் படிப்பதில்லை. அடுத்த தையில் கல்யாணம். அதற்குப் பின் வந்த ஒரு வருஷம், ஜப்பானியர் பந்தயத்தை விட்டு நிஜமாகவே ஓய்வு பெற்றதாக பிரௌசிங் சென்டரில் பார்த்தேன். கடைசிப் பந்தயத்தில் அவர் கார் கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டியதாம், ஆனால் தாண்டிவிட்டது. எழுதலாம் என்று ஆசிரியர் சொன்னார். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதரின் பெயரைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. என்ன தப்பு செய்தார் எனக்கு? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் எரிச்சல்.

மூன்று வருஷம் கழித்து அம்மா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க, எங்கள் தெருமுனையில் இருந்த ஆஃப்செட் கடைக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கருமாதி எல்லாம் அடிப்பவர்கள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்து மேசையில் ஸ்கேலோடு அக்கா உட்கார்ந்திருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?"

"மேட்டரைக் குடுங்க சார்," என்றார்.

அரை மணி நேரத்தில் புரூஃப் வந்தது. கடையில் வழக்கப்படி வீட்டுக்காரர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. தேதியைப் பார்த்தேன், மண்டபத்தைப் பார்த்தேன், உறவுக்காரர்கள் பெயர் வரிசையைப் பார்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, "அக்கா, நீங்க ஒருவாட்டி பாத்துட்டீங்கல்ல?" என்று கேட்டேன்.

"பாத்துட்டேன் சார்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் பார்த்துவிட்டால் பிழை இருக்காது. கையெழுத்துப் போட்டேன்.

பத்திரிகையை ஊர் முழுக்கக் கொடுத்து முடித்த பிறகு மாமா போன் செய்தார். "என்னடா இது, எங்க அக்காவுக்கு நீ செய்யற மரியாதை?" என்றார். பையில் மீதியிருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 'எங்கள் அன்புத் தயார் இயற்கை எய்தினார்' என்று இருந்தது. தாயார் என்ற சொல்லில் ஒரு கால் இல்லை. பதினெட்டு பாயின்ட் பெரிய எழுத்தில், நட்டநடுவில், கறுப்பாக. என் அம்மாவை நான் தயார் ஆக்கி வீடு வீடாகக் கொடுத்திருந்தேன்.

நேரே கடைக்கு ஓடினேன். பத்திரிகையை அக்காவின் மேசையில் வைத்தேன். "அக்கா, இது உங்க கண்ணுல படாம இருக்காது. தெரிஞ்சேதான் உட்டீங்களா?"

அவர் பத்திரிகையைப் பார்க்கக்கூட இல்லை. காதில் இருந்த பென்சிலை எடுத்து அடுத்த புரூஃபைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆமா சார், தெரிஞ்சேதான் உட்டேன். போயி உங்க பேப்பர்ல அச்சுப்பிழைன்னு போட்டுக்குங்க."