இருமலுக்குச் சாட்சி

இருமல் வந்தால் எல்லோரும் கையால் வாயைப் பொத்துவார்கள். சைனப் பீவி தோளில் வாயைப் புதைத்துக்கொண்டு, கைகள் இரண்டையும் துப்பட்டிக்குள்ளிருந்து வெளியே நீட்டுகிறாள். கணுக்கள் வீங்கி, விரல்களெல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோன கைகள். இருமி ஓய்ந்து, மூச்சு வந்து சேர்ந்த பிறகுதான் பேச்சு: “பேடிக்காண்டாம் மக்கா. இது சயம் இல்ல. இன்னா, கையப் பாரு.”

கோட்டாறு முடுக்குகளில் வீடு வீடாகப் போய்த் துணி விற்பவள். கடைத்தெரு காணாத பெண்களுக்கு ஜப்பான் பட்டு இவள் மூட்டையில்தான் வந்து இறங்கும். முடிச்சை அவிழ்க்க விரல் இடம் கொடுக்காது. “மூட்டைய மட்டும் அவுத்துத் தாட்டி, வெலைய நான் சொல்லுதேன்” என்பாள். விலை சொல்லும்போது மட்டும் அவளுக்கு மூச்சு முட்டியதாக யாரும் கண்டதில்லை.

முன்பெல்லாம் அந்தக் கைகளை யாருக்கும் காட்டமாட்டாள். பிறகு வறட்டு இருமலும், நாலு எட்டு நடந்தால் மேல்மூச்சும் வந்து சேர்ந்தன. ஊர் அதைச் சயம் என்றது; தொற்றிக்கொள்ளும் காசநோய் என்று பயந்து வாசல்கள் சாத்திக்கொண்டன. நாகர்கோவிலில் ஒரு டாக்டர் சளியைச் சோதித்து, முதுகெல்லாம் குழல் வைத்துக் கேட்டு, சயம் இல்லை, மூட்டுகளைப் பிடித்த நோயே நெஞ்சிலும் இறங்கியிருக்கலாம் என்றார். அன்றைக்கே கைகள் வெளியே வந்துவிட்டன. “ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளையளு. மூத்தது கையில கெடக்கு, எளையது நெஞ்சில.”

கைக்கு வந்தது நெஞ்சுக்கு எப்படி வழி கண்டுபிடித்தது? அவளுக்கும் அது தீராத விசாரம். விரல் வலி கூடிய காலைகளில் வேண்டுமென்றே மச்சுப்படி ஏறி மூச்சைச் சோதித்துப் பார்க்கிறாள். “செல நாளு ரெண்டும் சேந்து வருது. செல நாளு ஒண்ணுக்கொண்ணு பெணக்கம்.”

துணி வாங்கக் கதவுகள் மறுபடி திறந்துவிட்டன. சகன் சாப்பாடுதான் திறக்கவில்லை. கல்யாண வீட்டில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பெண்கள் உட்கார்ந்து ஒரே சோற்றில் கைவைக்க வேண்டும். சைனப் பீவி உட்கார்ந்தால் மற்றவர்களுக்குத் திடீரென்று பசி போய்விடும். “எனக்கு வயிறு செரியில்ல” என்று அவளே எழுந்து, பட்டினியாக வீடு திரும்புவாள். நோவுக்கு அழாதவள் இதற்கு அழுதிருக்கிறாள்.

போன மாதம் அவளிடம் துணி வாங்கும் வீடுகளில் ஒன்றில், கமருதீன் மகளுக்குக் கல்யாணம். வழக்கம்போல எழுந்தவளை, பெண்ணின் தாய் மெஹ்ருன்னிசா தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். “எழும்பாதீங்கோ மாமி.” தானும் அதே சகனில் எதிரே உட்கார்ந்தாள். மற்ற இரண்டு இடமும் காலியாகவே கிடந்தன.

பார்த்துக்கொண்டிருந்தது போல இருமல் வந்தது. கைகள் உயர்ந்தன. “மக்கா, இது சயம்…”

“கையத் தாத்துங்கோ மாமி. சோறு ஆறுது.”

மெஹ்ருன்னிசா சோற்றையும் கறியையும் பிசைந்து உருட்டி அவள் வாயில் கொடுத்தாள். பிறகு, அவள் உதட்டில் பட்ட அதே விரல்களால் அடுத்த உருண்டையைப் பிடித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.