கிழக்குத் தெருவின் நீலக்கோடு

தாமரைச்செல்விக்கு ஊரில் மூக்குச்சுளிச்சி என்று பட்டப்பெயர். வைத்தவன் யாரோ, வாயில் சர்க்கரை போடவேண்டும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தைக் கையில் ஏந்தி உறிஞ்சினாலே அவளுக்குக் குடலைப் புரட்டும். பஸ் கம்பியைப் பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வீட்டில் ஒரு சாமானையும் தொடமாட்டாள். இப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து கீழப்படுகையில் கட்டிக்கொடுத்தார்களே, அது யார் செய்த பாவமோ தெரியவில்லை.

கீழப்படுகை காரைக்காலுக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கிற ஊர். ஐப்பசி பிறந்து இரண்டு நாள் மழை விடாமல் அடித்தால் போதும், கிழக்குத் தெரு முழுக்கத் தண்ணீர் கட்டிக்கொள்ளும். வெறும் மழைத்தண்ணீர் என்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? வீட்டுக்கு வீடு கக்கூஸ் தொட்டி நிரம்பி அதில்தான் வழியும். செத்த பெருச்சாளி, கோழிக் குடல், குழந்தைகளின் டயப்பர் எல்லாம் மிதந்து வாசற்படியில் வந்து முட்டும். ஊர் ஆம்பளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதிலேயே நடந்து டீக்கடைக்குப் போவார்கள். 'பள்ளமான ஊரு, என்ன பண்றது' என்று சொல்லிக்கொண்டே அதே கையால் பஜ்ஜியைப் பிய்த்துத் தின்பார்கள். த்தூ! நான்கு நாள் கழித்துக் கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து மோட்டார் வரும். இறைத்துவிட்டுப் போனதும் அடுத்த ஐப்பசி வரைக்கும் எல்லாருக்கும் மறந்துவிடும்.

செல்வியால் மறக்க முடியவில்லை. அவள் புருஷன் அமிர்தலிங்கம் சர்க்கரை வியாதிக்காரர். போன மழையில் அந்தத் தண்ணீரில் நின்று வலது காலில் புண் வைத்து, இரண்டு விரலை எடுக்கும்படி ஆயிற்று. இன்னொரு தடவை புண் அந்தச் சாக்கடையில் நனைந்தால் கணுக்காலோடு எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தினமும் புண்ணைத் துடைத்துக் கட்டுகிற வேலை செல்விக்கு. மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டுதான் கட்டுவாள். பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் அருவருப்பு வந்தால் வந்ததுதான், அதை மறைத்துச் சிரிக்கிற வித்தை அவளுக்கு வராது. ஐப்பசிக்குள் தண்ணீருக்கு ஒரு வழி பண்ணவேண்டும், இல்லையென்றால் கால் போய்விடும். இந்த ஒன்றைத் தவிர அவள் மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை.

அவளுக்கு டவுனில் சஃபியுல்லா பாய் கடையில் ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிற வேலை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கையில்தான் உருவாகும். கறுத்த முகத்தை வெளுக்க வைப்பது, மருவை அழிப்பது, தொங்கின தாடையை இழுத்துக் கட்டுவது என்று ஊரின் முகங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் அவளிடம் வந்து குளித்துவிட்டுப் போகும்.

ஆனி மாதம் ஒருநாள் உத்திராபதி மாமா கடைக்கு வந்தார். கோயில் கமிட்டித் தலைவர், அமிர்தலிங்கத்துக்குத் தாய்மாமன் முறை. ஆவணியில் கும்பாபிஷேகம், அதற்கு ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வேண்டும் என்றார். பிரான்சில் இருக்கிற அவருடைய சம்பந்தி மகன் அங்கே ஏதோ நூலகத்திலிருந்து பிரெஞ்சுக்காரன் காலத்து ஊர் வரைபடம் ஒன்றை எடுத்து அனுப்பியிருந்தான். அதை அப்படியே பெரிதாகப் போடவேண்டுமாம். பக்கத்து ஊர்க்காரன் தன் கோயில்தான் பழசு என்று பீற்றிக்கொள்கிறானே, அவன் வாயை அடைப்பதற்கு. இன்றைய தெருப்பெயர்களைப் படத்தின்மேல் குறித்து, உபயதாரர்களின் தலைகளையும் வரிசையாகப் போட்டுவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

செல்வி படத்தைத் திறந்தாள். பார்க்க எவ்வளவு அழகு! வயலுக்கு ஒரு பச்சை, தோப்புக்கு ஒரு பச்சை, தண்ணீருக்கு நீலம், சாய்வாகப் பிரெஞ்சு எழுத்து. தெருப்பெயர் போடவேண்டுமே என்று போனில் தெரிகிற இன்றைய ஊர்ப்படத்தை எடுத்துப் பழைய படத்துக்கு அடியில் வைத்தாள். கோயில் குளத்தின் நான்கு மூலையும் இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கின்றன. அவற்றைப் பொருத்தி, சுடுகாட்டுத் திட்டையும் பொருத்தினாள். மேல்படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினதும் அடியில் இருந்த ஊர் எழும்பி வந்தது.

அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தாள். மந்தைவெளி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். தாமரைக்குட்டை இருந்த இடத்தில் ரேஷன் கடையும் கட்சிக் கொடிக்கம்பமும். பெரிய களத்தை நான்கு பேர் பங்கு போட்டு விழுங்கியிருந்தார்கள். கறையான் தின்ற மரத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி எங்கே தொட்டாலும் உள்ளே பொக்கையாக இருந்தது. கடைசியில் அந்த நீலக்கோட்டைப் பார்த்தாள். கோயில் குளத்திலிருந்து கிளம்பி, ஊருக்குக் கிழக்கே கடலுக்கு ஓடுகிற பெரிய வடிகாலில் போய்ச் சேர்கிற ஒரு வாய்க்கால். அது ஊரின் தண்ணீரை வெளியே கொண்டுபோகிற வழி. அதன்மேல்தான் கிழக்குத் தெருவின் தெற்கு வாடை வீட்டு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தது. ஒருவர் சமையற்கட்டு, ஒருவர் மாட்டுக்கொட்டகை, ஒருவர் கார் ஷெட்.

பள்ளமான ஊராம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பள்ளமான ஊராம்!

கோட்டின் நுனி எங்கே முடிகிறது என்று படத்தைப் பெரிதாக்கினாள். வாய்க்கால் பெரிய வடிகாலில் விழுகிற அந்த வாய், தெருவின் கடைசி வீட்டுக் கொல்லையில் இருந்தது. அந்தக் கடைசி வீடு அவளுடையது. அந்த வாயின்மேல் இருந்தது அவள் வீட்டுக் கக்கூசும் அதன் தொட்டியும். அவள் ஒரு கோடையில் தாய்வீடு போயிருந்தபோது அமிர்தலிங்கம் கட்டியது அது. 'பள்ளமா கெடந்துச்சு, கப்பிக்கல்ல கொட்டி மேடாக்கிட்டேன்' என்று பெருமையாகச் சொன்னது அவளுக்கு இப்போதும் காதில் கேட்டது. எழுந்துபோய்க் கடைக்குப் பின்னால் நின்று ஓங்கரித்துவிட்டு வந்தாள். என்னம்மா உடம்புக்கு என்று பாய் கேட்டதற்குச் சூடு என்று சொல்லிவைத்தாள்.

மறுநாள் உத்திராபதி மாமா படத்தைப் பார்க்க வந்தபோது கோட்டைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? அந்த எடம் எழுத்து இல்லாம காலியாத்தானே கெடக்கு. தலையெல்லாம் அங்க போட்டுடு" என்றார்.

போட்டாள். வயிற்றெரிச்சலோடு ஒரு காரியமும் சேர்த்துச் செய்தாள். நீலக்கோட்டின்மேல் யார் வீடு எங்கே இருக்கிறதோ, அங்கேயே அவரவர் தலையை வைத்தாள். உத்திராபதி மாமா கார் ஷெட்டின்மேல் சிரித்தார். பக்கத்து வீட்டுச் சண்முகசுந்தரம் சமையற்கட்டின்மேல் கும்பிட்டார். கடைசியாக, வாய்க்கால் முடிகிற இடத்தில், தான் கட்டிய கக்கூசுக்கு நேராக அமிர்தலிங்கம், அவரும் உபயதாரர்தானே. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, இவர்களுக்குத் தங்கள் மூஞ்சியே தெரியவில்லை. ஃபிளெக்ஸைக் கோயில் வாசலில் கட்டி, அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

கும்பாபிஷேகம் முடிந்து வரவு செலவு பார்க்கக் கூடிய கூட்டத்தில் செல்வி எழுந்து நின்றாள். பொம்பளை பேசுகிறாளே என்று சிலர் மேலும் கீழும் பார்த்தார்கள். வாய்க்காலைச் சொன்னாள், வரிசையாக வீடுகளைச் சொன்னாள், தன் வீட்டையும் விடவில்லை. திறந்துவிட்டால் இந்த ஐப்பசியில் தெரு காயும் என்றாள். திறக்கவேண்டியதுதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கேதான் சூது. டெல்டாக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? வாய்க்காலைக் கடைசியிலிருந்துதான் மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வரவேண்டும். மேலே முதலில் வெட்டினால் கீழே இருப்பவன் முழுகிப்போவான். கடைசி வீட்டுக்காரன் இடிக்காமல் மேலே ஒருவரும் கடப்பாறையைத் தொடத் தேவையில்லை.

சண்முகசுந்தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மொதல்ல அமிர்தலிங்கம் வூட்டு கக்கூசதான் இடிக்கணும். அவருக்குக் கால் இப்புடி இருக்கு. பாவம், அவர எங்கங்க போவச் சொல்றது?"

பாவம் பாவம் என்று கூட்டம் முழுக்க உச்சுக்கொட்டியது. அமிர்தலிங்கம் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண் கலங்க எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார்.

செல்விக்கு வந்ததே ஒரு அருவருப்பு! சாக்கடையைப் பார்த்துக்கூட அப்படி வந்ததில்லை, பெருச்சாளியைப் பார்த்துக்கூட வந்ததில்லை. அந்தக் காலை அழுக வைத்ததே இந்தத் தண்ணீர்தான். இப்போது அந்தக் காலையே முட்டுக்கொடுத்துத் தண்ணீரை நிற்க வைக்கிறார்கள். இவர் அதற்குக் கும்பிடு வேறு போடுகிறார். அன்றைக்கு ராத்திரி அவள் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறபோது, ஊர் எவ்வளவு நல்ல ஊர் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நம்ம கக்கூச இடிக்கப்போறேன்" என்றாள்.

"அப்ப நான் எங்கடி போவேன்?"

"இருக்குற காலோட எங்கயாவது போவலாம். காலு போனா எங்க போவீங்க?"

அவர் அழுதார், திட்டினார், சாப்பிடமாட்டேன் என்றார். ஒருவேளை சாப்பிடாமலும் இருந்தார். புரட்டாசியில் ஆள் வைத்து இடித்தாள். தொட்டியை வாரிச் சுத்தம் செய்த லாரி போனபிறகும் கொல்லை நாறியது. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்று, கொட்டியிருந்த கப்பியையும் மண்ணையும் கடைசிக் கூடைவரை தோண்டி எடுக்க வைத்தாள். அடியில் பழைய செங்கல் கட்டு வந்தது. வாய்க்கால் வாயின் இரண்டு பக்கமும் வழவழவென்று அப்படியே இருந்தது. படம் பொய் சொல்லவில்லை.

புதுக் கக்கூசுக்கு வாசல் பக்கத்து மேட்டில்தான் இடம் இருந்தது. சிமெண்ட் உறை இறக்கிப் பீங்கானும் வைத்தாயிற்று, சுவர் எழுப்புவதற்குள் மழை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. கோயிலுக்குப் பின்னால் அந்த ஃபிளெக்ஸ் சுருட்டிக் கிடந்தது, அதை ஒரு ஆடு மென்றுகொண்டிருந்தது. மேலே இருந்த அம்மன் படத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பத்திரமாகக் கோயிலில் கொடுத்துவிட்டு, மீதியைக் கொண்டுவந்து நான்கு கழியில் சுற்றிக் கட்டினாள். படம் உள்பக்கம் இருக்கும்படி கட்டினாள். அமிர்தலிங்கம் முதல் நாள் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். அவருக்கு நேர் எதிரே அவருடைய தலையே, வெள்ளையாக்கி மருவெல்லாம் எடுத்த தலை, கும்பிட்டுக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழை வழக்கம்போல வந்தது. தெரு நிறைந்தது. செல்வி வீட்டுக்கு வந்த தண்ணீர் மட்டும் கொல்லையில் நிற்காமல் பழைய வாய்க்கால் வாய்வழியாகச் சலசலவென்று பெரிய வடிகாலுக்கு இறங்கி ஓடியது. பின்படி நனையவில்லை. அமிர்தலிங்கம் காலை நீட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சண்முகசுந்தரத்தின் சமையற்கட்டில் அடுப்பு முழுகிவிட்டது.

ஐந்தாம் நாள் கமிட்டி வந்தது. உத்திராபதி மாமா, சண்முகசுந்தரம், பின்னால் இன்னும் இரண்டு பேர். படத்தை ஒருதடவை பார்க்கவேண்டும் என்றார்கள். மாமாவின் போனில் இருந்தது பொடிப்படம், ஒன்றும் தெரியவில்லையாம். செல்வி வாசல் பக்கம் கையைக் காட்டினாள். வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராக மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த மறைப்புக்குள் போய், பீங்கானுக்குப் பக்கத்தில் நின்று, தங்கள் தலையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். வெளியே வந்த ஒவ்வொருவரும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். கோடு தங்கள் வீட்டைத் தொடவில்லையாம், கொஞ்சம் தள்ளிப் பக்கத்து வீட்டுவழியாகத்தான் போகிறதாம். நாய் வாலை யார் நிமிர்த்துவது? செல்வி ஓரமாகப் போய்க் காறித் துப்பினாள்.

மத்தியானம் கொம்யூன் மோட்டார் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சண்முகசுந்தரம் வீட்டுச் சுவருக்கு மேலாக ஒரு தடித்த குழாய் எட்டிப்பார்த்து, செல்வி தோண்டிவைத்த வாய்க்காலுக்குள் வந்து விழுந்தது. தெருவின் சாக்கடை மொத்தமும் அதில் குபுகுபுவென்று கொட்டி, பின்படியின் மேலெல்லாம் தெறித்தது. செல்வி வாயில் வந்ததைச் சொல்லிக் கத்துவதற்குச் சுவரை நோக்கி நடந்தாள்.

அவளுக்கு முன்னால் அமிர்தலிங்கம் எழுந்துவிட்டார். கட்டுப்போட்ட காலை ஒரு பாலித்தீன் பைக்குள் விட்டுக் கட்டிக்கொண்டு, நொண்டி நொண்டிப் போய், கொட்டுகிற குழாயை இரண்டு கையாலும் தூக்கினார். சட்டையெல்லாம் நனைந்தது. தம் பிடித்து அதைச் சுவருக்கு அந்தப் பக்கமே தள்ளினார். அங்கே சண்முகசுந்தரம் அலறுவது கேட்டது.

"கொழா வேணாம், சம்முவம்" என்றார் அமிர்தலிங்கம். "செவுத்த இடி. தண்ணி தானா வரும்."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பி வந்து படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். செல்வி வெந்நீரும் பஞ்சும் கொண்டுவந்து பாலித்தீன் பையை அவிழ்த்தாள். உள்ளே கட்டு நனையாமல் இருந்தது. அவர்மேல் தெறித்திருந்த சாக்கடை நாறியது. முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் புதுக் கட்டுப் போட ஆரம்பித்தாள்.