சிப்பிக்குச் சுண்ணாம்பு

பூ என்று நினைத்து, அதற்குத் தீனி போட்டு வளர்த்தவன் நான். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள், எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எங்கள் கூடத்தில் இருக்கும் கடல்நீர்த் தொட்டி என் மனைவியுடையது. அதில் உள்ளங்கை அகலச் சிப்பி ஒன்று உண்டு. வாயைத் திறந்தால் ஓரமெல்லாம் நீலப் பட்டாக விரியும். அவளுக்கு அது உயிர். தங்கையின் பிரசவத்துக்காக அவள் அம்மையார்குப்பம் போயிருந்த மாதத்தில், சிப்பியின் ஓட்டின் மேல் பழுப்பாக ஒன்று முளைத்து, குட்டிக் குட்டி விரல்களை விரித்து ஆடியது. என் பொறுப்பில் தொட்டி செழிக்கிறது என்று பூரித்துப்போய், மீன் தீனியைக் கரைத்து அதற்கும் ஊட்டினேன். ஒன்று நாலானது. அந்த விரல்கள் பட்ட இடத்தில் சிப்பியின் சதை சுருங்குவதை அப்புறம்தான் பார்த்தேன். பிளேடால் சுரண்டினேன். சிதறிய துணுக்கெல்லாம் தனித்தனியாக முளைத்தன. சிப்பி வாயை இறுக மூடிக்கொண்டது.

படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அது பூ இல்லை, கடல் சாமந்தி என்கிற பிராணி, அதிலும் களை ஜாதி, கை வைக்காதீர்கள், வருகிறேன் என்றாள். அன்று கிருத்திகை. அவள் வந்த பஸ் முருகன் கோயில் மலையடிவாரக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்ளலாம் என்றால் என் தலையில் அதற்கான முதலீடு இல்லை.

வந்ததும் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி வரச் சொன்னாள். பதற்றத்தில் ரோஸ் கலர் வாசனைச் சுண்ணாம்போடு வந்து நின்றேன். அவள் பார்த்த பார்வையில் திரும்ப ஓடி வெள்ளையை வாங்கி வந்தேன்.

சிப்பியை வெளியே எடுத்து என் கையில் வைத்தாள்.

“ஆடாம புட்சிகினு இருங்க. வாய்க்குள்ள ஒரு சொட்டு போனாலும் செத்துடும்.”

முழங்கை இரண்டையும் தொட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டேன். அவள் சிரிஞ்சால் ஒவ்வொரு களையின் மேலும் சுண்ணாம்புக் குழம்பை வைத்தாள். அவை சுருண்டு வெளுத்தன. தொட்டித் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து ஓட்டைக் கழுவி, சிப்பியைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

அது திறக்கவில்லை. நான் தொட்டியின் மேல் கவிழ்ந்துகொண்டு, செத்துவிட்டதா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். இன்னொரு முறை கேட்டேன், அவள் சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னும் குனிந்து, மூக்கு தண்ணீரைத் தொடும் அளவுக்குப் போய், மறுபடியும் கேட்டேன்.

“நீங்க நவுருங்க, உங்க நிழல் வுழுந்தா அது தொறக்காது.”