செவ்வாய் வெள்ளியில் விளக்கு நடக்கும் வீடு

அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்க இருந்தவர்கள் அப்பா, அம்மா, தங்கச்சி, நான். இல்லாதவர்கள் வீட்டுக்காரர். அவர்கள் கனடாவுக்குப் போய் இருபது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. பண்டத்தரிப்பில் அவர்களுடைய மாடிவீடு பூட்டிக் கிடந்தது. அதன் பின்பக்கத்தில், குசினியோடு ஒட்டிச் சாய்ப்பாக இறக்கிய சின்னப் பத்தியில் நாங்கள் குடியிருந்தோம். வாடகை கொடுப்பதில்லை. வளவு கூட்டுவது, கிணறு இறைப்பது, வீட்டைத் துடைத்து வைத்திருப்பது, இவைதான் வாடகை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை பிடித்துக்கொண்டதால் அப்பாவுக்கு வெங்காயத் தோட்டத்தில் வேலையில்லை. எனக்கும் மானிப்பாயில் வகுப்பில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகமும் போய் வந்தேன். போய் வந்து என்ன, தினமும் சைக்கிள் உழக்கிப் போய் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் வரலாறு கற்பித்துவிட்டு, தொண்டை காய்ந்து திரும்பி வருவேன். மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாசிகசாலையில் சில பேர் கூடிப் பழைய படங்களைப் பற்றிக் கதைப்போம். அந்த மாதம் என் முறை. பேய் மாளிகை ஒன்றைப் பற்றிய பழைய கறுப்பு வெள்ளை ஹிந்திப் படத்தை எடுத்திருந்தேன்.

நான் அதை ஏற்கெனவே மூன்று தரம் பார்த்துவிட்டேன். அந்தப் படத்தில் பயமுறுத்துகிற மாதிரி எதுவுமே நடக்காது. ஒரு கதவு மெதுவாகத் திறக்கும். யாரோ பாடுவது கேட்கும். பாடுகிற இடத்துக்குப் போனால் வெறும் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும். பேயைக் காட்டாமல் பேய்க்காகக் காத்திருக்க வைக்கிற அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடித்தது. இதைத்தான் கூட்டத்தில் சொல்லவிருந்தேன்.

மடிக்கணினியைக் கதிரையில் வைத்துப் படத்தைப் போட்டேன். ஹிந்தி எங்கள் யாருக்கும் தெரியாது. கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வாசித்து நான் தமிழில் சொல்ல வேண்டும்.

“அண்ணை, அவள் இவ்வளவு நேரம் கதைச்சதுக்கு நீங்கள் ஒரு வரிதானே சொல்லுறியள்,” என்றாள் தங்கச்சி.

“அவள் சொன்னதும் அவ்வளவுதான்.”

“உங்களுக்கு அலுப்பு. அதுதான் பாதியை விழுங்கிப்போட்டியள்.”

உண்மையும் அதுதான்.

கதாநாயகன் மாளிகைக்குள் நுழைந்தான். நீண்ட கூடம், தொங்கும் கண்ணாடி விளக்கு, நூலாம்படை. அம்மா முகத்தைச் சுளித்தாள்.

“இவ்வளவு பெரிய வீட்டுக்கு ஒரு தும்புத்தடி கூட இல்லையோ? உந்தக் கிழவன் என்னத்துக்கு அங்கை சம்பளம் எடுக்கிறான்?”

கிழவன் என்றது மாளிகையின் காவல்காரனை.

“அவன்தான் அம்மா மர்மமான ஆள்.”

“மர்மமோ? பஞ்சி, வேலை செய்ய அலுப்பு. கதவுப் பிணைச்சலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் உந்தச் சத்தமே வராது.”

பாட்டு வந்தபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மெட்டு அவருக்குத் தெரிந்திருந்தது. சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாதபோது சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்பார்களாம். உழக்குவது எப்போதும் அவர்தானாம். “மற்றவை பாட்டுக் கேட்டவை, நான் மூச்சு வாங்கினனான்,” என்றார். மழைச் சத்தத்தோடு முழுப்பாட்டையும் அன்றைக்கு அசையாமல் இருந்து கேட்டார்.

அதன் பிறகுதான் அந்தக் காட்சி. கதாநாயகன் தோட்டத்தில் நிற்கிறான். கமராவும் அவனோடு வெளியேதான் நிற்கிறது. மேல்மாடியில் ஒரு யன்னலில் வெளிச்சம். அது அணைந்து அடுத்த யன்னலில். பிறகு அதற்கடுத்ததில். கடைசி யன்னலில் ஒரு பெண், தலைமயிரை விரித்துவிட்டு, கையில் விளக்கோடு.

“அம்மா, உது நீங்கள்!” என்றாள் தங்கச்சி.

எல்லோரும் சிரித்தோம். அம்மாதான் முதலில் நிறுத்தினாள்.

“தம்பி, உதைத் திருப்பிப் போடு.”

போட்டேன். இன்னொரு தரமும் போடச் சொன்னாள். பிறகு கேட்டாள்: “எங்கடை வீட்டையும் றோட்டிலை நிண்டு பாத்தால் உப்பிடித்தான் தெரியுமோ?”

பொழுதுபட்ட நேரத்தில் எங்களில் ஒருவரும் றோட்டில் நின்று பார்த்ததில்லை.

மாடிவீட்டில் பேய் உலாவுகிறது என்று ஊரில் கதை இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பொழுதுபட்டதும் மேல்மாடியில் வெளிச்சம் நடக்குமாம். கடையில் சொல்வார்கள், பஸ்ஸில் சொல்வார்கள். அந்த இரண்டு நாட்களிலும் பேய் உலாவுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்த சங்கதி. அதனால் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. செவ்வாய், வெள்ளியில் அறைக்கு அறை விளக்குக் காட்டச் சொல்லிக் கனடாவிலிருந்து வீட்டுக்கார அம்மா எங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தது ஊருக்குத் தெரியாது. பெரிய வீட்டுக்குக் கரண்ட் வெட்டியாயிற்று. அம்மா தலைமுழுகி, ஈரம் காய மயிரை விரித்துவிட்டு, தேங்காயெண்ணெய் விளக்கோடு மாடிக்கு ஏறுவாள். பத்தியில் கிடக்கிற எங்களிடம் உள்வீட்டுப் பூட்டின் திறப்பு இருக்கும் என்று ஊர் நினைத்திருக்காது.

பேய்க்கதை அம்மாவின் காதுக்கும் வந்தது. அவளுக்கும் பயம். அதனால் பேயை விரட்ட விளக்கோடு கைமணியும் கொண்டுபோய்க் கிலுக்கத் தொடங்கினாள். அடுத்த கிழமையே, பேய்க்குச் சலங்கையும் இருக்கிறதென்று கடையில் கதைத்தார்கள்.

“அப்ப இவ்வளவு காலமும் உன்னைக் கலைக்கத்தான் நீ மணி அடிச்சனீ,” என்றார் அப்பா. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடங்கியபோது முகம் மாறிவிட்டது. “இஞ்சை பார், உது இந்தப் பத்தியை விட்டு வெளியிலை போகக்கூடாது.”

காரணம் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் வீட்டை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்த இரண்டு குடும்பங்கள் கடையில் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. வீடு விற்காத வரைக்கும்தான் எங்களுக்கு அந்தப் பத்தி. தங்கச்சிக்கு உயர்தரப் பரீட்சை அடுத்த வருசம், பள்ளிக்கூடம் நடை தூரம். அந்தச் சனிக்கிழமை மூன்றாவது ஆட்கள் பிரான்ஸிலிருந்து வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார்.

படத்தை அதோடு நிறுத்தினோம்.

சனிக்கிழமை காலை வான் வந்தது. ஒரு ஐயா, அவருடைய மனிசி, தரகர். தரகர் வாசல் படலையிலிருந்தே தொடங்கிவிட்டார். “காத்தெண்டால் காத்து, தண்ணியெண்டால் தண்ணி. உப்பிடி நன்னீர்க் கிணறு இந்தப் பகுதியிலையே இல்லை, ஐயா.”

ஐயா சுவரைத் தட்டிப் பார்த்தார். மனிசி எதையும் தட்டவில்லை. கூடத்தின் நடுவில் நின்று எங்களைத்தான் பார்த்தாள்.

“கடையிலை ஒரு கதை சொன்னவை,” என்றாள். “இஞ்சை என்னவோ உலாவுதாமே?”

தரகர் கையை விசுக்கினார். “சனத்துக்கு வேலையில்லை, அக்கா.”

“நான் உங்களைக் கேக்கேல்லை. இஞ்சை இருக்கிற ஆக்களைக் கேக்கிறன்.”

அப்பா என்னைப் பார்த்தார். படித்தவன் நான்தானே, பிடிபடாமல் ஒரு பதில் என்னிடம் இருக்கும் என்று நினைத்திருப்பார். என்னிடம் பதிலும் இருந்தது. ‘நாங்கள் பின்னுக்கு இருக்கிற ஆக்கள், இரவிலை இந்தப் பக்கம் வாறேல்லை’ என்றால் போதும், அவர்கள் வானில் ஏறிவிடுவார்கள். அதைச் சொல்லவும் முடியவில்லை, வேறொன்றைச் சொல்லவும் முடியவில்லை. அவ்வளவு அலுப்பாக இருந்தது.

மனிசி முகட்டை அண்ணாந்து பார்த்தபடி சொன்னாள்: “பேய் பிடிச்ச வீடெண்டால் முகட்டைப் பாத்தாலே தெரியும். இருண்டுபோய், நூலாம்படையாய்க் கிடக்கும்.”

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

“எங்கை, அம்மா, நூலாம்படை? ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்.”

“சும்மா சொன்னனான், பிள்ளை.”

“இல்லை, காட்டுங்கோ. கிழமைக்கு ரெண்டுதரம் நான் துடைக்கிற வீடு. பேயெண்டு சனம் சொல்லுறது என்னைத்தான். நான்தான் விளக்குக் கொண்டு திரியிறனான். மணி அடிக்கிறதும் நான்தான். நான் கூட்டித் துடைச்ச வீட்டைப் பேய் வீடெண்டால் அது எனக்கெல்லோ அவமானம்!”

அப்பா வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அவர்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினாள். யன்னல் கண்ணாடி, கதவுப் பிணைச்சல், அலுமாரிக்குப் பின்பக்கம், எல்லாம். அந்த மனிசி கீழே இறங்கி வரும்போது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு வந்தாள். “இஞ்சேருங்கோ, பேயைப் பாத்திட்டன்,” என்று புருசனிடம் சொன்னாள். தரகரின் முகத்தைப் பார்க்க வேண்டும், கோயில் தேர் நல்லபடியாக இருப்புக்கு வந்துசேர்ந்த நிம்மதி மாதிரி.

வீடு விற்றுப்போயிற்று. வாங்கியவர்கள் நல்ல மனிசர்தான். பத்தியை இடித்து வாகனம் விட இடம் கட்டப்போவதாகவும், ஆறுதலாக இடம் பார்த்துக்கொண்டு எழும்பும்படியும் சொன்னார்கள். அம்மாவை வீட்டு வேலைக்கு வரச் சொல்லியும் கேட்டார்கள். “எழும்பினால் எழும்பினதுதான்,” என்று மறுத்துவிட்டாள் அம்மா.

வாசிகசாலைக் கூட்டத்துக்குப் போனேன். படத்தின் மிச்சத்தைத் தனியாகப் பார்த்து முடித்திருந்தேன். முடிவு எனக்கு முதலே தெரியும். பேயில்லை, சொத்துக்காக ஆட்கள் செய்த வேலை. கள்ளர் பிடிபடுவார்கள், உரித்துக்காரனுக்கு மாளிகை கிடைக்கும். இந்தமுறை நான் அந்தக் காவல்காரக் கிழவனைத்தான் தேடினேன். கடைசிக் காட்சியில் அவன் இல்லை. மாளிகையில் எல்லா விளக்கும் எரிகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், அவன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒளியையும் நிழலையும் பற்றி, தாமதிப்பதைப் பற்றி, நினைத்தபடியே பேசினேன். கமரா வெளியே நிற்கிற அந்தக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் கூடவே பேசினேன். ஒருவர் எழும்பி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது பயமாக இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

வீடு தேடிச் சைக்கிளில் அலைந்து கடைசியில் மானிப்பாய்ப் பக்கம் இரண்டு அறை கிடைத்தது. தகரக் கூரை, பொதுக்கிணறு. தங்கச்சி இப்போது விடிய வெள்ளென பஸ்ஸுக்குப் போகிறாள். அம்மாவோடு அவள் ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாமான் ஏற்றும்போது அப்பா, “மணியை எடுத்தனியோ?” என்று கேட்டார். எடுக்கவில்லை, அது வீட்டுக்காரருடையது என்றாள் அம்மா.

மாதம் பன்னிரண்டாயிரம்படி ஆறு மாத முற்பணம் எழுபத்திரண்டாயிரம். சாமான் ஏற்ற லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்கு இரண்டு நடை ஒன்பதாயிரம். வீடு விற்ற சந்தோசத்தில் தரகர் அம்மாவின் கையில் வைத்த ஐயாயிரத்தைக் கழித்தால், அது பேய் வீடில்லை என்று அம்மா சொன்னதற்கு எல்லாமாக எழுபத்தாறாயிரம் ரூபாய்.