மரத்தில் கட்டிவிட்டு வந்த சீட்டு

ஜப்பானில் நான் பார்த்த யானைக்குப் புலி நகம் இருந்தது. உடம்பெல்லாம் சுருள் சுருளாக மயிர். கோயில் வாசலின் உத்தரத்தில், பூவும் பறவையுமாகச் செதுக்கிய மரச்சிற்பங்களுக்கு நடுவே அது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. யானையையே பார்க்காத ஒருவர், கேள்விப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் காலத்திலோ செதுக்கியதாம். கூட வந்த ஜப்பான் என்ஜினியர் இங்கிலீஷில் சொல்ல, என் வீட்டுக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். மேகமலை யானை இறங்கித் தோட்டத்தை மிதித்துவிட்டுப் போகும் ஊர்க்காரி நான். என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

"கோயில்ல நின்னுக்கிட்டுச் சிரிக்கிறா பாரு" என்று அவர் முறைத்தார்.

அவர் தேனியில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். எழுபதுகளின் நடுவில் ஆலைக்கு ஜப்பான் மெஷின்கள் வாங்கினார்கள். வேலை பழக அவரை அனுப்பினார்கள். சமைத்துப் போட ஆள் இல்லாமல் மனிதர் துரும்பாகிவிட்டார் என்று தெரிந்ததும் நானும் கிளம்பினேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. குளிர் பட்டால் இளைப்பு வந்துவிடும். போடியில் இருந்த என் அக்காவிடம் விட்டேன். ஆறு மாதம்தானே என்றுதான் விட்டேன். ஆறு மாதம் ஒன்றரை வருடம் ஆயிற்று.

இப்போது அந்த ஊர்க் கம்பெனி, இன்னும் இரண்டு வருடம் இருங்கள், சம்பளத்தைக் கூட்டுகிறோம் என்றது. அவருக்கு இருக்க ஆசை. மெஷினைக் கண்டால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. எனக்கு ஒரு நாள்கூட இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். வாரம் பூராவும் சண்டை போட்டு ஓய்ந்தபின், "சரி, சாமிகிட்டக் கேட்டுருவோம்" என்றார் அவர். ஊராக இருந்தால் பூக்கட்டிப் பார்த்திருப்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வோம். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. இங்கே கோயிலில் சீட்டு எடுக்கிற வழக்கம் உண்டு என்று சொல்லித்தான் என்ஜினியர் எங்களை அந்த மலையடிவாரத்துக்கு அழைத்து வந்திருந்தார்.

போடிமெட்டு மலையில் ஏறும்போது பஸ்ஸுக்குள் மேகம் வருமே, அந்த மாதிரி மஞ்சு. இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள். ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்க எங்கள் தெருவே கைகோக்க வேண்டும். உச்சி எங்கே என்று தெரியவில்லை. கல்படியெல்லாம் பாசி பிடித்துக் கிடந்ததால் நடந்தால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. எங்கள் பேச்சும் தானாகவே குறைந்துவிட்டது. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தூக்கத்துக்குள் நடக்கிறோமோ என்றிருந்தது எனக்கு. இப்படியே நடந்து மஞ்சைத் தாண்டினால் அக்கா வீட்டு வாசல் வந்துவிடும், மகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருப்பாள் என்றுகூட ஒரு கணம் நம்பினேன். பைத்தியம்தான். ஆனால் அந்த மரங்களுக்கு நடுவில் நிற்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

எல்லாவற்றிலும் பெரிய மரத்துக்கு வைக்கோல் பிரியைச் சுற்றி, வெள்ளைக் காகிதம் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த மரமே சாமியாம். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உள்ளே போனால் எல்லாரும் சாமி முன்னால் கைதட்டிக் கும்பிட்டார்கள். நம்மூரில் சண்டிகேசுவரருக்குத்தானே தட்டுவோம்! "இந்தச் சாமிக்கும் காது மந்தம் போல" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு சேர்ந்து சிரித்தோம்.

வெளியே வந்து அந்தப் பெரிய மரத்தடியில் சீட்டு எடுத்தோம். மரப்பெட்டியைக் குலுக்கினால் துவாரம் வழியாக ஒரு குச்சி வந்தது. குச்சியில் இருந்த எண்ணைப் பார்த்து ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். பூரா ஜப்பான் எழுத்து. என்ஜினியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். உடம்பு, தொழில் எல்லாம் சுமாராம். ஒரு வரியில் நிறுத்தி யோசித்து, பிறகு சொன்னார். என் வீட்டுக்காரர் அதைத் தமிழாக்கினார்: "யாரை எதிர்பாத்துக்கிட்டு இருக்கோமோ அவுக வருவாக. ஆனாத் தாமசமா வருவாக."



"நாம யாரை எதிர்பாக்கிறோம்? யாரையும் இல்லையே. இது நமக்குன்னு வந்த சீட்டே இல்ல. இன்னொருக்க எடுத்துப் பாப்பமா?" என்றார் அவர்.

"பூவை ரெண்டாந்தடவை போட்டாச் சாமி கோவிச்சுக்கிரும். பேசாம இருங்க."

"பிறகு அதுக்கு என்னதான் அர்த்தம்?"

எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது.  அந்தப் பெரிய மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாம எதிர்பாக்கலைங்க. நம்மளத்தான் ஒருத்தி எதிர்பாத்துக்கிட்டு இருக்கா. தாமசமா வாற ஆளு நாமதான்."

சொல்லிவிட்டு அழுதேன். ஒன்றரை வருடமாக அவருக்குத் தெரியாமல் குளிக்கிற அறையில் அழுததையெல்லாம் அங்கே வைத்து அழுதேன். என்ஜினியர் பாவம், தன் மொழிபெயர்ப்பில்தான் ஏதோ பிழை என்று நினைத்து, திரும்பத் திரும்பத் தலை குனிந்தார். நல்லதாக வராத சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, கிளையில் கட்டிவிட்டால் கெட்டது இங்கேயே நின்றுவிடும் என்றார். என் வீட்டுக்காரர் சீட்டை வாங்கி நீளவாக்கில் மடித்து, பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மரத்தின் கிளையில் கட்டினார். நூல் அறுந்தால் கண் இமைக்கும் முன் முடிச்சுப் போடுகிற கை அது. அன்றைக்கு முடிச்சு விழ நேரம் பிடித்தது. கட்டி முடித்ததும் திரும்பாமலே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என்ஜினியர் முகம் வாடியதிலிருந்து, ஊருக்குப் போகிறோம் என்று எனக்குப் புரிந்தது.

அந்த மாதமே கிளம்பிவிட்டோம். போடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்குள் போனோம். வாசலில் அக்காவின் பிள்ளைகளோடு மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். உயரமாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழவில்லை, பயப்படவும் இல்லை. பக்கத்தில் இருந்த அக்காவின் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சந்தோஷமாக வீட்டுக்குள் திரும்பிக் கத்தினாள்.

"அம்மா, சித்தி வந்துட்டாக!"

அடுப்படியிலிருந்து ஓடி வந்த அக்கா அவள் வாயைப் பொத்தப் போனாள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாத்தா, வந்துட்டேன்" என்றேன்.