ராஜகோபுரத்துக்கு அடுத்தது எது?

என் வாழ்க்கையின் மிகச் சிறந்த பத்து நிமிடங்கள் எனக்கு ஞாபகம் இல்லை. குடித்திருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டப்பகலில், எங்கள் கல்லூரி மைதானத்தில், ஊரே கூடித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது நடந்தது. எழுபதுகளின் கடைசி. கபடி இறுதியாட்டம். நான்தான் கேப்டன். அந்தப் பத்து நிமிடத்தை எல்லாரும் பார்த்தார்கள், என்னைத் தவிர. நினைத்துப் பார்த்தால் எனக்குக் கிடைப்பது துணியில் சுற்றிய ஒரு ஐஸ் கட்டி மட்டும்தான். அது என் பின்மண்டையில் இருக்கிறது, காதோரம் தண்ணீர் வழிகிறது, அதைப் பிடித்திருக்கும் கை எங்கள் மார்க்கருடையது.

மார்க்கர் என்றால் இன்றைய பிள்ளைகள் எழுதுகிற பேனாவை நினைத்துக்கொள்வார்கள். கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போடுகிறவர், வலை கட்டுகிறவர், பந்துக்குக் காற்றடிக்கிறவர், அவர்தான் மார்க்கர். காகிதத்தில் அவர் வேலை அவ்வளவுதான். ஆனால் எங்கள் மார்க்கர் அதற்கு முன் ராணுவ மருத்துவப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருவார். கேரியரில் ஒரு தகரப் பெட்டி. பஞ்சு, டிங்சர், பிளாஸ்திரி, துவைத்துச் சுருட்டிய பேண்டேஜ், நகவெட்டி எல்லாம் அதற்குள். ஆட்டம் உள்ள நாளென்றால் ஹேண்டில்பாரில் ஒரு கோணிப்பை தொங்கும். சோடாக்கடையில் வாங்கிய ஐஸை உமி போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருப்பார். கால் பிசகினால் சூடாக எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதுதான் அன்று எங்கள் ஊர் வைத்தியம். அவர் ஐஸை வைத்து அழுத்துவார். வீங்கின இடத்தில் எவனாவது உருவிவிட்டால் கையை ஒடிப்பேன் என்பார். மார்க்கருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஐஸைத்தான் முழுங்குவார் என்று நாங்கள் கிண்டலடிப்போம். இப்போது டி.வி.யில் ஒரு ஆட்டக்காரன் விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வருகிறாரே, அவரைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் மார்க்கருக்குச் சட்டை மாற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எப்படித் தொடுவது, எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் பி.டி. சார் சொல்லிக்கொடுத்தார். எங்கள் உடம்பு மார்க்கரின் பொறுப்பு. எவன் கணுக்கால் எத்தனை சுற்று தாங்கும், எவன் வலியை மறைப்பான், எவன் இல்லாத வலிக்கு முனகுவான், அத்தனையும் அவருக்கு அத்துப்படி. நான் மறைக்கிற ரகம். அதனால் என்மேல் அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகக் கண் இருந்தது.

தலையில் அடிபட்டால் மட்டும் ஐஸுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும். முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து, நம்ம கோயில் கிழக்கு வாசல் வழியா உள்ள போறே, ராஜகோபுரத்துக்கு அடுத்தது எது என்பார். வல்லாள மகாராஜா கோபுரம், அதற்கடுத்துக் கிளி கோபுரம். இந்த ஊரில் பிறந்தவன் தூக்கத்தில்கூட இதைத் தப்பாகச் சொல்லமாட்டான், சொன்னால் மண்டை கலங்கியிருக்கிறது என்று அர்த்தம், இதுதான் அவர் கணக்கு. வெளியூர்ப் பையன்களுக்கு அவரவர் ஊர் பஸ் நிற்கிற இடங்களை வரிசையாகக் கேட்பார். ராணுவத்தில் அவரோடு ஸ்ட்ரெச்சர் தூக்கிய ஒருவன் லாரியிலிருந்து விழுந்து, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எழுந்து நின்று டீ குடித்தானாம். சாயந்தரம் அவனையே ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். எனக்கோ அந்தக் கேள்வியே அவமானம். என் அம்மா கிழக்கு வாசலில் பூ விற்றவள். கோபுரத்தடியில் வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது?

இறுதியாட்டத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரி அதுவரை கோப்பையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எதிரணி வேலூர்ப் பக்கம், ஒவ்வொருவனும் கதவு மாதிரி இருந்தான். மதில்மேல் ஆள், புளியமரத்தில் ஆள். வகுப்பில் சிரிக்கவே சிரிக்காத கணக்குப் பேராசிரியர் மடித்துக் கட்டிய வேட்டியோடு விசிலடித்துக்கொண்டிருந்தார், சத்தியமாக! பத்து நிமிடம் மீதி, மூன்று பாயிண்ட் பின்னால் இருந்தோம். நான் பாடிக்கொண்டு போனேன். இடது மூலைக்காரனைத் தொட்டேன், பக்கத்தில் நின்றவனையும் தொட்டேன். திரும்பிப் பாய்ந்தேன். நடுக்கோடு தெரிந்தது, ஒரு முழங்கால் வந்ததும் தெரிந்தது. அத்தோடு சரி.

மீதியெல்லாம் மார்க்கர் சொன்னது. ஐம்பது தடவையாவது சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பேன். நானே எழுந்து மண்ணைத் தட்டிவிட்டேனாம். கூட்டம் கைதட்டியதாம். அவர் ஓடி வந்து ராஜகோபுரத்துக்கு அடுத்தது எது என்று கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே, துளித் தயக்கமும் இல்லாமல் "பேய் கோபுரம்" என்றேனாம். பேய் கோபுரம் எங்கே இருக்கிறது? மேற்கே, கோயிலின் மறுகோடியில். பூக்காரி மகனுக்கு வந்த கதியைப் பாருங்கள். அவசரத்தில் வாய் தவறிவிட்டது, பத்து நிமிடம்தானே, விடு என்றாராம் பி.டி. சார். மார்க்கர் விடவில்லை. கோடு போடுகிறவருக்குக் கேப்டனை வெளியே எடுக்க என்ன அதிகாரம்? தோற்றிருந்தால் கூட்டம் அவரைச் சும்மா விட்டிருக்காது. ஆனாலும் "இவன் உள்ள போவணும்னா என்ன தாண்டித்தான் சார் போவணும்" என்று சொல்லி, என்னை இழுத்துக்கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார். அவர் சொன்ன கதையில் அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

எனக்குப் பதிலாகக் கீழ்பென்னாத்தூர்க்காரன் இறங்கினான். அந்தப் பருவம் முழுக்கத் தண்ணீர்க் குடம் தூக்கியவன், ஒல்லிப்பிச்சான். கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமம். அவன் பாடிக்கொண்டு போய் ஒருவனைத் தொட்டுவிட்டான். மூன்று பேர் அவன் காலில் விழுந்து தொங்குகிறார்கள். மூச்சை விடாமல், புழு மாதிரி நெளிந்து, விரல்நுனியால் நடுக்கோட்டைத் தொட்டான். விசில்! ஒரு பாயிண்டில் கோப்பை எங்களுக்கு! நான் மரத்தடியில் ஸ்கோர் எவ்வளவு என்று பதினோரு தடவை கேட்டேனாம். ஜெயித்துவிட்டோம் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுந்து குதிக்கப் பார்த்தேனாம். பிறகு வாந்தி எடுத்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்கை. அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்திருந்தால் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கமாட்டேன் என்றார் டாக்டர்.

எண்பதுகளின் கடைசியில் கீழ்பென்னாத்தூர்க்காரனின் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அவன் அப்போது பள்ளி ஆசிரியர். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசினான். பேச்சோடு பேச்சாக, சாதாரணமாகச் சொன்னான்.

"நீ மார்க்கர பளார்னு ஒண்ணு வுட்ட பாரு, கிரவுண்டே கப்சிப்னு ஆயிடுச்சு. உனக்கு ஞாபகம் இல்ல?"

மைதானத்தின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, என்னை உள்ளே விடமாட்டேன் என்று கையைப் பிடித்திருந்தவரை நான் கன்னத்தில் அறைந்திருக்கிறேன். ஐம்பது தடவை கேட்ட கதையில் ஒரு தடவைகூட அது இல்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மைதானத்துக்குப் போனேன். விளையாட்டு விழாவுக்காகக் கயிறு பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார், தலை நரைத்திருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகக் கேட்டுவிட்டேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் உங்கள அடிச்சேனா?"

அவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். எவன் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். அவன் வாய் அப்பவே ஜாஸ்தி என்று சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னாத்துக்குப்பா இப்ப அழுவுற? உள்ளத சொல்றேன் கேளு. நீ கோபுரத்த மாத்தி சொன்னப்பகூட எனக்கு டவுட்டுதான். பி.டி. சார் சொன்ன மாதிரி வாய் தவறியிருக்குமோன்னு தோணுச்சு. ஜனம் வேற கத்துது. சரி, போயிட்டு வரட்டும்னு புடிச்ச கைய தளத்திட்டேன். அப்பதான் நீ அடிச்ச. அடி வுழுந்ததும் உன்ன இன்னும் கெட்டியா புடிச்சுக்கினேன். நல்லா இருந்தா நீ என் மேல கை வெப்பியா?"